எம்மெல்லே காட்டில் ஊர்நாள்

எங்கள் ஊரில் ஒருவருடைய பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் இருக்கும், வாக்காளர் பட்டியலில் இருக்கும், ஊர் வாயில் மட்டும் இல்லை. ஊருக்கு அவர் எம்மெல்லே. ஒரே ஒரு தடவை ஜெயித்தார். அடுத்த தடவை தோற்றார். அதற்கப்புறம் கட்சி அவருக்கு சீட்டுக் கொடுக்கவில்லை. பதவி போய் எத்தனையோ வருஷம் ஆகியும், அவர் வீட்டு ஆடு அடுத்தவன் காட்டில் மேய்ந்தால்கூட எம்மெல்லே ஆடு என்றுதான் விரட்டுவார்கள். எனக்கு அவர் மாமா. அம்மாவின் கூடப்பிறந்தவர் இல்லை, பங்காளி வழியில் அண்ணன் முறை.

ஊர் மலைமேல், நெல்லிவாசல்நாட்டில் இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் ஜீப், ஜீப்பும் நிரம்பிவிட்டால் நடை. சாமை விதைக்கிறோம், கேழ்வரகு விதைக்கிறோம், புளி உலுக்குகிறோம். மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். வானம் பார்த்த காடு.

ஊருக்காக ஒருவர் அலைந்தால் அவர் காட்டை ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நியாயம் சொல்லும் ஊர்க்கவுண்டரின் காட்டுக்கு உழவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் வீட்டுக்கு ஒரு ஆள் போவார்கள். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும். இதற்குப் பெயர் ஊர்நாள். கவுண்டருக்குச் சம்பளமும் இல்லை, படியும் இல்லை. வருஷா வருஷம் திருவிழாவில் அவர் தன் கோலைச் சாமி முன்னால் கிடத்திவிட்டு ஒதுங்கி நிற்பார். ஊர் எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் அவர். இல்லாவிட்டால் வேறொருவர். அப்படி இறங்கியவருடைய காட்டையும் சும்மா விட்டுவிட மாட்டார்கள். ஊருக்கு உழைத்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர் என்று, அவர் காடு தேறுகிறவரைக்கும் போவார்கள்.

மாமா ஜெயித்தபோது ஊருக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான். அவர் சென்னைக்குப் போனார், ஊர் அவர் காட்டுக்குப் போனது. பதவியில் இருக்கிறவரைக்கும் கவர்மெண்டு ஏதோ படி கொடுக்கும் என்று தெரியும். அது பஸ்ஸுக்கும் பட்டணத்துச் சாப்பாட்டுக்குமே சரியாகப் போய்விடும் என்று ஊர்க்காரர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். தோற்றபின் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். சின்னப் பெண்ணாக நானும் வேடிக்கை பார்த்தேன். கூடப் போன காரும் இல்லை, கூட்டமும் இல்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பதவி போனால் எல்லாமே போய்விட்டது என்று அன்றைக்கு ஊர் நினைத்தது. அந்தப் பரிதாபம் வருஷக்கணக்கில் அவர் காட்டில் களை எடுத்தது.

நான் இப்போது திருப்பத்தூர்ப் பக்கம் அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. அங்கே என் பக்கத்து நாற்காலிக்காரி உள்ளூர்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டாள். ஆனால் ஓய்வூதியப் பேச்சு வந்துவிட்டால் பாதிரியார் சொன்ன பொறுமை எல்லாம் பறந்துவிடும். எங்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பதற்காகச் சாலையில் உட்கார்ந்து கத்திவிட்டு வந்த கூட்டம் நாங்கள். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அவள் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"டீச்சர், இத்த பாத்தீங்களா? முன்னாள் எம்மெல்லேங்களுக்கு மறுபடியும் பென்சன ஏத்திட்டாங்க. அஞ்சு வருசம் மேசையத் தட்டுனா சாவுற வரிக்கும் சோறு. நாம தல நரைக்கிற வரிக்கும் கத்துனா இன்னா வரும்னு எவனுக்குமே தெரியாது."

அறிவியல் ஆசிரியர், ஒரே ஒரு தடவை இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றார். எத்தனை தடவை ஜெயித்தாலும் ஒரே பென்சன்தான் என்று சட்டம் வர வேண்டும் என்றார் இன்னொருவர். தலைமையாசிரியர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏழை ஒருத்தன் ஜெயிச்சு வந்தா, அவனுக்கு இதுவும் இல்லேன்னா பதவியில இருக்கும்போதே சுருட்டத்தான் பாப்பான்" என்றார். ஆளாளுக்குச் சட்டமன்றத்தையே திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், "தோத்துப் போனவங்களுக்குமா வரும்?" என்று கேட்டேன்.

"தோத்துப் போனவங்களுக்குத்தானே பென்சன்! நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?" என்று சிரித்தாள் பக்கத்து நாற்காலிக்காரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியை ஆகி இத்தனை வருஷம் ஆகியும் இதை மாமாவோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. செய்தியில் வருகிற எம்மெல்லே வேறு, எங்கள் ஊர் எம்மெல்லே வேறு என்று எங்கேயோ பதிந்துபோயிருந்தது. அம்மா அவர் காட்டில் குனிந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

சுதந்திர தினத்தை ஒட்டிச் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தது. ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அம்மா எம்மெல்லே காட்டு ஊர்நாளுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பையைத் தொப்பென்று வாசலில் போட்டுவிட்டு எங்கள் காட்டைப் பார்க்கப் போனேன். சாமையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. களை அதன் தலைக்கு மேல் நின்றது. அப்பா போனபிறகு அம்மா ஒருத்தியாக விதைக்கிற காடு அது. ரேஷன் அரிசி இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டாள். ஆனால் அடுத்த வருஷத்து விதை அந்தக் காட்டிலிருந்துதான் வர வேண்டும். கடையில் விதை வாங்கி விதைத்தவள் இல்லை அவள். மறுபடி மழை பிடித்துக்கொண்டால் களைக்கொத்தை இறக்கவே முடியாது, சாமை மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

சாயங்காலம் அம்மா வந்தாள். விரல் நகத்தில் எல்லாம் மண்.

"நம்ம காட்டப் பாத்தியா நீ?" என்றேன்.

"தெனம் பாக்கறேன். இப்பத்தான் வந்து பாத்துட்டு நீ என்னக் கேக்கறியா?"

"அப்பறம் ஏன் அடுத்தவங்க காட்டுல போய்க் குந்தினுகீற?"

"ஊர்நாளு மொதல்ல, ஒன் காடு அப்பறம். இது இன்னா இன்னிக்கி நேத்து வழக்கமா? நாளைக்கி ஒரு நா போனா அங்க முடிஞ்சிரும். வந்து நம்மள்து எடுத்துக்கலாம்."

பென்சன் விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். களைத்துப் போன முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. மறுநாள் நானும் ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். இரண்டு பேராக இருந்தால் சீக்கிரம் முடியும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாமாவின் காடு மேட்டில் இருக்கிறது. களை குறைவு, முதலிலேயே ஆள் இறங்கிவிடுவதால் பயிர் கருகருவென்று நின்றது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முன்னால் நகர்ந்துகொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் காட்டுக்காரரிடம் வந்தது.

"பாவம் எம்மெல்லே" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். "மெட்ராஸ் வரிக்கும் போய்ட்டு வந்த மனுசன். ஒரு காரு கீதா, ஒரு மாடி வூடு கீதா? நாமளும் வர்லன்னா இந்தக் காடும் போயிருக்கும்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்வது பொய்யில்லை.

"இன்னா பாவம்? மாசா மாசம் அவருக்குப் பென்சன் வருது. சாவுற வரிக்கும் வரும்."

களைக்கொத்துகளின் சத்தம் வரிசை நெடுக ஒன்றன்பின் ஒன்றாக நின்றது.

"எந்தப் பென்சன்? முதியோர் பென்சனா?" என்றாள் அந்தக் கடைசியில் இருந்த கிழவி. "அது எனக்குங்கூடத்தான் வருது."

"அது இல்ல. எம்மெல்லேவா இருந்ததுக்கு. அது வேற. ஒங்களுக்கு வர்றதெல்லாம் அதுல ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது. பஸ்ஸு ஓசி, ஆஸ்பத்திரிக்குத் தனியாப் பணம். அவருக்கு அப்பறம் அத்தைக்கும் வரும்."

சொல்லி முடித்துத் தலையைத் தூக்கினால் வரப்பில் அத்தை நிற்கிறாள், மாமாவின் மனைவி. இடுப்பில் கூழ்ப்பானை. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"யாரு சொன்னாங்க ஒனக்கு?" என்றாள்.

"செய்தியில வந்துகீது அத்த."

"செய்தியிலயா?" என்றாள். "அப்பன்னா சரி." பானையை இறக்கிக் கூழை ஊற்ற ஆரம்பித்தாள். கொஞ்சம் கூழ் மண்ணில் சிந்தியது.

கொடுத்த கூழை வேண்டாமென்று சொல்வது எங்கள் பக்கத்தில் பெரிய அவமானம். எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். குடித்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக இறங்கிப் போனார்கள். அம்மா மட்டும் திரும்பிப் போய்த் தன் வரிசையில் உட்கார்ந்தாள். அதைக் கடைசி வரைக்கும் எடுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன், உதவவும் மனம் வரவில்லை, விட்டுப் போகவும் கால் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவின் வசவு.

"ஒன் சாதிச் சர்ட்டிபிகேட்டுக்கு எவன்டி அலைஞ்சான்? ஒங்கப்பனா? அவருதான. ஆபீசு வாசல்ல காலைலேர்ந்து வெளக்கு வைக்கிற வரிக்கும் ஒரு டீத்தண்ணிகூட இல்லாம ஒன்னக் கூட்டினு போய்க் குந்தவெச்சாரு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்காது. மலைக்காரர்கள் பலருக்கு அந்த ஒரு காகிதத்துக்காகவே ஆயுசில் பாதி போயிருக்கிறது. அன்றைக்கு மாமா பதவி இல்லாத ஆள். அதிகாரி உள்ளே கூப்பிடவே இல்லை. "நான் முன்னாள் எம்மெல்லேங்க" என்று அவர் கடைநிலை ஊழியரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. கடைசியில் அந்தக் காகிதத்தை வாங்கிவிட்டுத்தான் எழுந்தார். அந்த மனிதரைத்தான் நான் கூழ்ப்பானைக்கு முன்னால் வைத்துச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறேன் என்று அம்மா நினைத்தாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. ரெண்டும் சேர்ந்து உள்ளே குடைந்தன.

"நமக்குத் தெரியக்கூடாதுன்னு ஏம்மா மறைக்கணும்?" என்று கேட்டேன்.

அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பானையை ஏற்றிக்கொண்டே, "அதச் சொல்லியிருந்தாருன்னா, இந்த வருசம் நம்மள்த மொதல்ல எடுத்திருப்பேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்கும் வலிக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் கோயில் மேட்டில் ஊர் கூடியது. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எப்போதும் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அன்றைக்கும் போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை.

"கேள்விப்பட்டது நெசமா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"நெசம்தான்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல." குரல் முதலில் மேடைக் குரலாகத்தான் வந்தது. "நான் ஒன்னியும் திருடலியே. சட்டம் போட்டுக் குடுக்கறாங்க, வாங்கறேன். மெட்ராஸ்ல ஆஸ்டல்ல எனக்குன்னு ஒரு ரூமு குடுத்தாங்க, அதுல நான் என்னிக்காவது தனியாப் படுத்திருப்பேனா? ஆஸ்பத்திரிக்கு வந்தவன், கோர்ட்டுக்கு வந்தவன், எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதான குறுக்க நெடுக்கப் படுத்துனு இருந்தீங்க? இன்னிக்கி வரிக்கும் சாவு, கல்யாணம்னா எம்மெல்லே எவ்ளோ வைக்கறாருன்னுதான பாக்கறீங்க? கவுண்டருக்குப் பட்டணத்துல இந்தச் செலவு உண்டா?"

அதில் ஒன்றும் பொய் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்தார்கள். அந்த அறையில் படுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

"அதெல்லாம் சரி" என்றார் கவுண்டர். "கையில வர்றது ஒனக்கு. யாரும் அதுல கை வைக்கல. வெறுங்கையோட வந்தேன்னுதான ஊரு ஒன் காட்டுக்கு வந்துச்சு? வெறுங்கை இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

மாமா மறுபடி பேசியபோது மேடைக் குரல் இல்லை.

"தோத்த மறுநாளே காரு போச்சு. போன் அடிக்கறது நின்னு போச்சு. தாலுக்காபீசுல குந்துன்னு சொல்ல ஆளு இல்ல. வருசத்துல அந்த ஊர்நாளு அன்னிக்கித்தான் நான் எம்மெல்லேவா இருந்தன்னு எனக்கே தெரியும். அதச் சொல்லிட்டா நீங்க வர மாட்டீங்க. நீங்க வர்லன்னா நான் யாரு?"

அவர் கூலியில்லாத வேலைக்கு ஆசைப்பட்டு மறைத்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நாலு ஆள் தேடி வருவதற்கு ஆசைப்பட்டிருக்கிறார். அதற்காக அம்மாவின் சாமை களையில் கிடக்கலாமா என்று கேட்டால், கிடக்கக் கூடாது. கோபம் அப்படியே இருந்தது, அதை அவர் மேல் காட்டத்தான் முடியாமல் போனது.

அந்த நேரத்தில் அவருடைய மகன் வந்து சேர்ந்தான். போளூரில் உரக்கடை வைத்திருப்பவன். அத்தை போன் செய்திருக்கிறாள், பைக்கிலேயே மலையேறிவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கூட்டத்தின் நடுவே வந்தான்.

"எங்கப்பாவ நிக்கவெச்சு இன்னா கேள்வி கேக்கறீங்க? ஒங்களுக்குக் கூலிதான வேணும்? இத்தினி வருசத்துக்கும் வூடு வூடாக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நான் குடுத்துடறேன்."

"நாங்க கூலிக்கு வர்லியே தம்பி" என்றார் கவுண்டர். சத்தம் போடாமல்தான் சொன்னார். "கூலிக்கு வந்திருந்தா அன்னிக்கே வாங்கினு போயிருப்போம். நாளு வந்துச்சு. நாளாத்தான் திரும்பணும்."

கூட்டத்தில் அதை ஒருவரும் மறுக்கவில்லை. எல்லா வருஷத்தையும் எண்ணினால் யார் ஆயுசும் போதாது, அதனால் வீட்டுக்கு ஒரு நாள் என்று முடிவானது. அவரே வரவேண்டும், கூலியாளை அனுப்பக் கூடாது. ஆளில்லாத வீடுகளுக்கு முதலில், அதிலும் என் அம்மாவுக்கு முதலில், வருகிற சனிக்கிழமை.

இளவட்டம் ஒன்று பின்னாலிருந்து, "கவுண்டரே, இப்ப கீற எம்மெல்லேவையும் வரச் சொல்லுங்க, அவருக்கும் ஒரு நாளு இருக்குமில்ல" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். இப்போது இருப்பவர் கீழே சமவெளியில் இருக்கிறார். ஓட்டுக் கேட்க ஜீப்பில் வந்து, வண்டியிலிருந்து இறங்காமலே கும்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "அவருக்கும் வருதா அந்தப் பென்சன்?" என்றாள்.

"இப்ப சம்பளம். எறங்குனாப் பென்சன். எல்லாருக்கும் வரும்மா. இருந்தவங்களுக்கு, இருக்கறவங்களுக்கு, எல்லாக் கட்சிக்காரங்களுக்கும். மெட்ராஸ்ல மட்டும் இல்ல, டெல்லியிலயும்."

"அத்தினி பேருக்குமா?" என்று கேட்டுவிட்டு அம்மா ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்து நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். பக்கத்து நாற்காலிக்காரியிடம் நடந்ததைச் சொன்னபோது கைதட்டினாள். "இதுதான் டீச்சர் சீர்திருத்தம்! இத்த எல்லாத் தொகுதியிலயும் கொண்டாரணும்." எனக்கு அவள் உற்சாகம் பிடிக்கவில்லை. மழை இன்னும் ரெண்டு மூன்று நாளில் பிடிக்கும் என்று செல்போன் சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா ஒருத்தியாகத் தினமும் ஒரு மூலையில் கொத்திக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டது. சனிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா எங்கள் காட்டில் இருந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. பழைய பனியன், தார்ப்பாய்ச்சிய வேட்டி, தலையில் துண்டு. முழங்கால் மடங்காது அவருக்கு. ஒரு காலை நீட்டிக்கொண்டு, கையை ஊன்றி இழுத்து இழுத்து நகர்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா டீச்சரு" என்றார். அவ்வளவுதான். அந்த 'டீச்சர்' குத்தலா பாசமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இளம் சாமைக்கும் அதன் நடுவே முளைக்கிற ஒரு புல்லுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தினமும் காட்டில் கிடக்கிற கை தடவிப் பார்த்தே பிரித்துவிடும். மாமாவின் கை காட்டை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. புல்லை விட்டுவிட்டுச் சாமையைப் பிடுங்கிப் போட்டார்.

"அண்ணா, அது சாமை" என்றாள் அம்மா.

அவர் பிடுங்கியதைக் கையில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் அதை மண்ணில் ஊன்றப் பார்த்தார். வேர் அறுந்திருந்தது.

"போவட்டும், விடு" என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "அண்ணா, சாமை." அதற்கப்புறம் அவர் பிடுங்கிய ஒவ்வொரு பயிரையும் ஓரக்கண்ணால் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் நாள் அது, அவரை எழுந்து போகச் சொல்லவும் அவளுக்கு உரிமை இல்லை. நான் அவருக்குப் பின்னாலேயே நகர்ந்து விட்டுப்போன புல்லை எடுத்துக்கொண்டு வந்தேன். இவருடைய வேலையைச் சட்டமன்றத்தில் யாராவது இப்படிப் பின்னாலிருந்து சரிபார்த்திருப்பார்களா என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் மற்ற யாரையும் இப்படிக் காட்டில் உட்காரவைக்க எங்களால் முடியாது. காடும் வீடும் எங்கள் ஊரிலேயே வைத்திருப்பதால் இவர் ஒருவர் அகப்பட்டார். அத்தனை பேர் மேலும் இருந்த கோபத்தை இந்த மடங்காத முழங்கால் மேல் இறக்கிவைத்திருக்கிறோம்.

வெயில் சாய்ந்தபோது காட்டில் பாதிகூட முடியவில்லை. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஊர்நாள் முடிந்தால் காட்டுக்காரர் சோறு போட வேண்டும். பானையில் மிச்சமிருந்த போன வருஷத்துச் சாமையை அம்மா பொங்கியிருந்தாள், மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள். மாமா வரப்பில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டை நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"என் நாளு தீந்துச்சா தங்கச்சி?" என்றார்.

"தீந்துச்சுண்ணா."

அவர் கையை ஊன்றி எழுந்தார். நான் தூக்கிவிடப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் எந்த வீடு என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒற்றையடிப் பாதையில் மெதுவாக இறங்கினார். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அம்மா மிச்சக் காட்டைப் பார்த்தாள். களை சாமையை மூடிக்கொண்டு நின்றது. வானத்தைப் பார்த்தாள். மழை விழ ஒரு நாள் இருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம்.

"அன்னிக்கிச் சொன்னியே, எம்மெல்லேங்க எல்லாருக்கும் பென்சன் வருதுன்னு" என்றாள்.

"ஆமா."

"இவரு வந்துட்டாரு. மத்தவங்கள்லாம் எப்ப வர்றாங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கேலி இல்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, மாமா இறங்கிப் போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கிக் காலைல வந்தாக்கூடப் போதும்" என்றாள். "மழைக்கு முன்னாடி எடுத்துரலாம்."